ஐந்தொகை எடுத்த பிறகு: 61 அமர்வோடு நின்றுபோன கேம்பெயினைத் திரும்ப ஓடவைத்த வேலைக்குறிப்பு

போன சனிக்கிழமை எங்கள் மேஜைக் கதையாட்டத்தின் 68ஆவது அமர்வு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்த ஆறாவது நிமிடத்தில் முதல் பகடை உருண்டது. 61ஆவது அமர்வில் இதே இடத்துக்கு வந்து சேர 50 நிமிடம் ஆனது. அதன் பிறகு நான்கு மாதம் ஆட்டமே நடக்கவில்லை. அந்த இடைவெளியில் என்ன பழுது பார்த்தோம், எது வீணானது, எவ்வளவு செலவானது என்பதை வரிசையாக இங்கே எழுதுகிறோம்.

ஆட்டம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள்: ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டிச் சேர்ந்து கதை நடத்தும் ஆட்டம். பல அமர்வாகத் தொடரும் ஒரே கதைதான் கேம்பெயின். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை, ஐந்து ஆட்டக்காரர்கள், கதையை நடத்தும் ஒரு டிஎம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம். பாத்திரங்கள் இப்போது 9ஆம் லெவலில் இருக்கின்றன. களம் தாமிரபரணிப் படுகை, பொதிகை மலை தொடங்கிக் கொற்கைத் துறை வரை. இன்றைய கொற்கை கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். ஆட்டத்தில் அது இன்னும் கப்பல் வரும் துறைதான், ஆனால் வருடா வருடம் தூர்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. ஆட்டம் நடக்கும் காலத்தில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழுதான் உண்டு. எட்டாவதை யார் கட்டுவது, தண்ணீர் யார் வயலுக்குப் போவது என்பதுதான் கேம்பெயினின் நடுச்சண்டை. களம் பிடித்திருந்தது, ஆட்களும் இருந்தார்கள். ஆட்டம் மட்டும் நின்றுபோனது.

பழுது எங்கே

கதை தீர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். உட்கார்ந்து பார்த்தபோது கதையில் குறை எதுவும் இல்லை. "இப்போது நிலைமை என்ன" என்ற கேள்விக்கு மேஜையில் ஆறு பேர் ஆறு பதில் வைத்திருந்தார்கள். குறிப்புகள் ஏழு நோட்டிலும் வாட்ஸ்அப் குரல்பதிவுகளிலும் சிதறிக் கிடந்தன. 22ஆவது அமர்வில் செத்த வல்லநாட்டுக் காவல் தலைவன் 47இல் உத்தரவு போடுகிறான். 38ஆவது அமர்வில் பாபநாசத்திலிருந்து கொற்கைக்கு ஒரே இரவில் நடந்துபோயிருக்கிறார்கள். பொதுப்பணம் 14,260 பொன் என்று ஒரு நோட்டு சொல்கிறது, 9,480 என்று இன்னொன்று. விதிப்படி 50 காசு ஒரு பவுண்டு எடை. 14,260 பொன் என்றால் 285 பவுண்டு, ஏறத்தாழ 129 கிலோ. அதை யார் சுமந்தார்கள் என்று எந்த நோட்டிலும் இல்லை.

தவறிய இரண்டு வழிகள்

முதலில் எல்லா அமர்வையும் சுருக்கி டைப் செய்ய உட்கார்ந்தோம். இரண்டு வார இறுதியில் 11 அமர்வு முடிந்தது, 30 பக்கம் வந்தது. அந்த 30 பக்கத்தை யாரும் முழுசாகப் படிக்கவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால், இன்றைக்கு என்ன பாக்கி இருக்கிறது என்பது அதற்குள் புதைந்துபோகிறது. 61 அமர்வும் முடித்திருந்தால் 160 பக்கத்தைத் தாண்டியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆட முடியாது.

அடுத்ததாக "ஐந்து வருடம் கழித்து" என்று காலத்தைத் தாண்டிப் போகலாம் என ஒரு யோசனை வந்தது. பழைய கணக்கையெல்லாம் ஒரே வரியில் மூடிவிடலாமே என்பது அதன் கவர்ச்சி. ஆனால் ஆட்டக்காரர்கள் மூன்று பேரின் பாத்திரங்களுக்குக் கொடுத்த வாக்கு, பட்ட கடன், தீராத பகை எல்லாம் பாக்கி நின்றன. அவர்கள் இத்தனை நாள் வந்து உட்கார்ந்ததே அதற்காகத்தான். காலத்தைத் தாண்டினால் முடிச்சு அவிழாது, அறுந்துபோகும். அந்த வழியைக் கைவிட்டோம்.

சீட்டு, பேரேடு, ஐந்தொகை

வழி கிடைத்தது பழைய கடைக்கணக்கு முறையில். திருநெல்வேலிப் பக்கத்து மளிகைக்கடைகளில் அன்றன்றைய வியாபாரத்தைச் சிட்டையில் கிறுக்குவார்கள். ராத்திரி பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவார்கள். வருடக் கடைசியில் ஐந்தொகை, அதாவது இருப்பும் பாக்கியும் ஒரே இடத்தில் காட்டும் கணக்கு, எடுப்பார்கள். எங்களிடம் ஏழு நோட்டுச் சிட்டை இருந்தது, பேரேடு கிடையாது, ஐந்தொகை எடுத்ததே இல்லை.

ஏ4 தாளை எட்டாக வெட்டிச் சீட்டு ஆக்கினோம். ஒரு சீட்டில் ஒரு செய்தி, மேல் மூலையில் அமர்வு எண், அவ்வளவுதான். "நதியுண்ணி மதகுக்காரனுக்கு 40 பொன் தருவதாகச் சொன்னது" என்பது ஒரு சீட்டு. "மதகுக்காரன் கோபக்காரன்" என்பது சீட்டு ஆகாது, அது நிகழ்வு இல்லை. வர்ணனை, நகைச்சுவை, சண்டையின் ஒவ்வொரு அடி எல்லாம் தள்ளுபடி. இரண்டு பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் 14 மணி நேரம் உட்கார்ந்ததில் 412 சீட்டு வந்தது.

தரையில் பாய் விரித்து மூன்று குவியலாகப் பிரித்தோம். முடிந்துபோனவை 265. நிலுவை 118. ஒன்றுக்கொன்று முரண் 29. இந்த மூன்று எண்ணைப் பார்த்தபோதே பாதிப் பயம் போய்விட்டது. நினைவில் சுமந்துகொண்டிருந்த மலையில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே தீர்ந்த கணக்கு.

முரண் 29ஐத் தீர்க்க ஒரு விதி வைத்தோம். பின்னால் வந்த செய்தி நிற்கும், முன்னால் வந்தது விழும். இதில் 17 தீர்ந்தன. 8 சீட்டுக்கு ஆட்டக்காரர்களிடமே கேட்டோம், பெரும்பான்மை சொன்னது நின்றது. மீதி 4ஐக் கதைக்குள்ளேயே இழுத்துக்கொண்டோம். வல்லநாட்டுக் காவல் தலைவன் அந்த நாலில் ஒன்று. சீட்டைத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது, 47இல் அவன் நேரில் வரவே இல்லை. அவன் முத்திரை வைத்த ஓலைதான் வந்திருக்கிறது. செத்தவன் முத்திரை யார் கையில் இருக்கிறது? இத்தனை நாளும் பிழை என்று நினைத்த இடம் 63ஆவது அமர்வின் முழு வேலையாக மாறியது. முரண்களை அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள் என்று சொல்வதற்கு இந்த ஒரு சீட்டு போதும்.

நிலுவை 118ஐயும் பேரேட்டில் ஏற்றினோம். நீளவாக்கு 200 பக்கக் கணக்கு நோட்டு. ஆளுக்கோ ஊருக்கோ கூட்டத்துக்கோ எதிரெதிரே இரண்டு பக்கம். இடது பக்கம் ஆட்டக்காரர்கள் கொடுக்க வேண்டியது, வலது பக்கம் அவர்களுக்கு வர வேண்டியது. காசு மட்டுமல்ல, வாக்கு, பழி, உதவி எல்லாமே பற்று வரவுதான். 34 கணக்கு வந்தது. முதல் பக்கத்தில் பெயர் அகராதி போட மறந்தோம், அதனால் முதல் இரண்டு அமர்விலும் பக்கம் தேடியே நேரம் போனது. இப்போது முதல் நான்கு பக்கம் அகராதிக்கு.

பணக் கணக்கும் இங்கேதான் நேரானது. இரண்டு நோட்டுக்கும் இடையே 4,780 பொன் வித்தியாசம். அதில் பெரும்பகுதி கொற்கை வணிகர் ஒருவரிடம் கொடுத்துவைத்த தொகை, இரண்டு முறை கூட்டப்பட்டிருந்தது. 9,480 என்பதை நிலையாக எடுத்துக்கொண்டோம். அதில் கையில் 620 பொன், மீதி உண்டியல் ஓலையாக மூன்று வணிகர்களிடம். ஓலையைக் காசாக்க அந்த ஊருக்குப் போயாக வேண்டும், எனவே பணம் தானாகவே பயணத்துக்குக் காரணமாகிறது.

கடைசிப் படி ஐந்தொகை. ஒரே ஒரு ஏ4 பக்கம், ஒருபுறம் மட்டும், கையெழுத்தில். பெயருக்கு ஏற்றபடி ஐந்து தலைப்பு: நாள், இடம், கையிருப்பு, பற்று வரவு, நகர்வு. பற்று வரவில் பேரேட்டின் 34 கணக்கும் வராது. அடுத்த இரண்டு அமர்வில் தொடக்கூடிய ஏழு மட்டும். பத்து போட்டுப் பார்த்தோம், யாரும் படிக்கவில்லை. ஏழு படிக்கிறார்கள். அமர்வு முடிந்த கடைசி 15 நிமிடத்தில் எல்லோரும் இருக்கும்போதே புதுப்பக்கம் எழுதிப் போட்டோ எடுத்துக் குழுவில் போடுகிறோம். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று ஒருமுறை தள்ளினோம் (64ஆவது). அந்த ஒரு முறையே இரண்டு புது முரண்.

நாளும் மாதமும்

ஆட்டத்தில் சித்திரை முதல் பங்குனி வரை தமிழ் மாதம்தான். முதலில் உண்மையான பஞ்சாங்கத்தின்படி நாள் எண்ணினோம். சூரிய மாதம் 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும், ஆனி 32 வரும், மார்கழி 29இல் முடியும். திதி வேறு தனியாக ஓடும். மேஜையில் இதைப் பிடிக்க முடியாது. இப்போது எல்லா மாதமும் 30 நாள், 15 பௌர்ணமி, 30 அமாவாசை. தேதியைச் சொன்னாலே வானத்தில் நிலா எந்த அளவு என்று தெரிந்துவிடும். இரவுக் காவலைத் தாண்டும் காட்சிகளில் இது ஒன்றே எத்தனையோ வாக்குவாதத்தை மிச்சப்படுத்துகிறது.

மழையில் சுருக்குவழி எடுக்கவில்லை, அது இந்த மண்ணின் உயிர். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையில் கொட்டும், குற்றாலத்தில் சீசன், அதே நாளில் கிழக்கே சமவெளியில் காற்று மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் சமவெளியைப் பிடிக்கும், ஆறு நிரம்பும். எனவே மலைக்கட்டத்துக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று என இரண்டு வானிலைப் பட்டியல். கார் நெல் அறுப்பும் பிசான நடவும் வரும் மாதங்களில் ஊர்களில் கூலியாள் கிடைக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தோம். எட்டாவது அணைக்கு ஆள் பிடிக்கிற கதையில் அது நேரடியாக வேலை செய்கிறது.

வரைபடம் ஏ3 தாளில், அறுகோணக் கட்டம், ஒரு கட்டம் 2.5 செ.மீ., அதாவது 10 கிலோமீட்டர். விதிப்படி சாதாரண நடை நாளுக்கு 24 மைல், சுமார் 38.6 கி.மீ. நான்கு கட்டம் என்று வைத்தால் கணக்கு சுலபம். பாபநாசம் முதல் கொற்கை நேராக எட்டுக் கட்டம், இரண்டு நாள். ஐப்பசி வெள்ளத்தில் நாளுக்கு இரண்டு கட்டம், அப்போது நான்கு நாள். 38ஆவது அமர்வின் ஒரே இரவு நடை இத்தோடு செத்தது.

தாயக்கட்டை

ஆட்டக்காரர்கள் ஒரு மூலையில் இருக்கும்போது மற்ற ஒன்பது கூட்டத்தாரும் சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு திட்டம், அதற்கு எட்டுக் கட்டம். எட்டும் நிரம்பினால் திட்டம் பலித்தது. அமர்வுக்கு அமர்வு எத்தனை கட்டம் நகரும் என்பதுதான் சிக்கல். டி20 (இருபது முகப் பகடை) போட்டுப் பார்த்தோம். 1 விழவும் 20 விழவும் சம வாய்ப்பு என்பதால் ஒன்று பாய்கிறது, ஒன்று படுத்துவிடுகிறது.

இரண்டு பித்தளைத் தாயக்கட்டை இதைச் சரிசெய்தது. ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறும் பக்கம் என நான்கு முகம். இரண்டும் சேர்ந்தால் 16 விதம். 3 விழ நான்கு வழி, 2க்கும் 4க்கும் மும்மூன்று, 5க்கும் தாயத்துக்கும் இரண்டிரண்டு, 6க்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. 2, 3, 4 விழுந்தால் ஒரு கட்டம். 5, 6 என்றால் இரண்டு கட்டம். தாயம் என்றால் நகர்வு இல்லை, அந்தக் கூட்டத்துக்குப் புது ஆளோ புதுப் பொருளோ சேரும். பன்னிரண்டு விழுந்தால் திட்டம் உடையும், கட்டம் எல்லாம் அழியும். கணக்குப் போட்டால் 16இல் 10 தடவை ஒரு கட்டம், 3 தடவை இரண்டு கட்டம். ஆக மொத்தம் 16 வீச்சில் 16 கட்டம், சராசரி சரியாக ஒன்று. உடையாமல் போனால் எட்டுக் கட்டத் திட்டம் ஏறத்தாழ எட்டு அமர்வில் முடியும். அமர்வுக்கு முன் ஒன்பது வீச்சுக்கு பத்து நிமிடம் ஆகிறது.

முதலில் வாங்கிய ஜோடி சரியில்லை. ஒரு கட்டையை 160 தடவை உருட்டி எண்ணினோம். ஒவ்வொரு முகமும் 40ஐ ஒட்டி வர வேண்டும், மூன்று மட்டும் 58 தடவை வந்தது. ஓரம் ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. வாங்கும்போதே கண்மட்டத்தில் வைத்து நான்கு ஓரமும் ஒரே கூர்மையா என்று பாருங்கள். நீளவாக்கில் ஒரு தட்டில் உருட்டினால் வளைவு இருப்பதும் தெரிந்துவிடும். இரண்டாவது ஜோடியில் நான்கு முகமும் 36க்கும் 44க்கும் நடுவில் விழுந்தன.

மேஜை

சண்டைக்கட்டம் 2 அடிக்கு 3 அடி, ஓரங்குலச் சதுரம், 24க்கு 36. ஒரு சதுரம் ஐந்தடி. ஃபிளெக்ஸில் அச்சடித்தோம். கோப்பை "பக்கத்துக்குப் பொருத்து" என்று விட்டதால் முதல் அச்சு 96 சதவீதத்தில் வந்தது. ஒரு சதுரத்தை அளந்தால் இது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 36 சதுரத்தில் ஒன்றரை அங்குலம் நழுவிவிடுகிறது. எப்போதும் பத்துச் சதுரத்தைச் சேர்த்து அளக்க வேண்டும்: 254 மி.மீ. வர வேண்டும், வந்தது 244. இரண்டாவது முறை அச்சுக்குக் கொடுக்கும்போது இந்த 254ஐத் தாளிலேயே எழுதிக் கொடுத்தோம்.

ஃபிளெக்ஸ் மேல் ஒயிட்போர்டு மார்க்கர் போட்டால் சில மணி நேரத்தில் கறை பிடிக்கிறது. மேலே மேஜைவிரிப்பு பிளாஸ்டிக் ஷீட் விரித்தோம், அதிலும் மறுநாள் கோடு அழியவில்லை. மை அந்த மிருதுவான பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுகிறது. கடைசியில் 4 மி.மீ. கண்ணாடி. ஆறு சதுர அடி, சதுர அடி 65 ரூபாய், ஓரம் தேய்க்க 60, மொத்தம் 450. எடை ஐந்தரைக் கிலோ. நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் வைத்தால் வழுக்காது. மார்க்கர் காய்ந்த துணியிலேயே அழியும், பழைய கோட்டுக்கு ஸ்பிரிட் ஒரு சொட்டு. டியூப்லைட் நேர்மேலே இருந்தால் கண் கூசும், மேஜையை இரண்டடி நகர்த்தினோம். பித்தளைத் தாயக்கட்டையைக் கண்ணாடியில் போடாதீர்கள், சில்லு பெயரும். ஒரு துண்டு பத்தமடைப் பாய் அருகில் கிடக்கிறது, எல்லாப் பகடையும் அதில்தான்.

உருவங்களுக்கு அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடையும் பட்டறையில் 25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. கனத்தில் 40 வில்லை கடைந்து வாங்கினோம், ஒன்று 9 ரூபாய். நடுவில் ஆக்சா பிளேடால் 3 மி.மீ. ஆழம் கீறினால் மடித்த 300 ஜிஎஸ்எம் அட்டை இறுக்கமாக நிற்கும். படத்தின் உயரம் 45 மி.மீ.க்கு மேல் போனால் மின்விசிறிக் காற்றுக்குச் சாய்கிறது.

சண்டை வரிசைக்கு மேஜை ஓரத்தில் ஒரு கயிறு, பெயர் எழுதிய துணிக் கிளிப்புகள். எதிரிகளின் அடிக்குப் பகடை உருட்டுவதை நிறுத்தி சராசரியே எடுக்கிறோம்: 2டி6+4 (ஆறு முகப் பகடை இரண்டு, கூட 4) என்றால் 11. 90 நிமிடம் இழுத்த சண்டை 55க்கு வந்தது.

விதி மாற்றம்

2024 விதிகளுக்கு முழுவதும் மாறலாமா என்று ஒரு அமர்வு (62) முயன்றோம். 9ஆம் லெவல் பாலடினின் (புனித வீரன்) ஸ்மைட், அதாவது அடியோடு சேரும் கூடுதல் தாக்கு, இப்போது போனஸ் ஆக்‌ஷன் (தன் முறையில் கிடைக்கும் ஒரே கூடுதல் செயல்) செலவாகும் மந்திரம், தன் முறை ஒன்றுக்கு ஒன்றுதான். அந்த ஆட்டக்காரர் இரண்டரை வருடம் கட்டிய சண்டைமுறையே கழன்றது. திரும்ப 2014க்கு வந்து, புதியதிலிருந்து இரண்டை மட்டும் எடுத்தோம். மருந்து குடிப்பது போனஸ் ஆக்‌ஷன். களைப்பு ஒரு படிக்கு டி20 வீச்சில் 2 கழியும், வேகத்தில் ஐந்தடி குறையும், ஆறாவது படியில் சாவு. பழைய ஆறு படிப் பட்டியலில் மூன்றாம் படிக்கே எல்லா வீச்சும் பாதகமாகிவிடும், அதனால் மலையேற்றம் வந்தாலே ஆட்டக்காரர்கள் தவிர்த்தார்கள். புதியதில் ஒவ்வொரு படியும் கொஞ்சம் கொஞ்சமாக வலிக்கிறது. மாஞ்சோலைக் காட்டில் மூன்று நாள் ஏறும் பயணம் இப்போது ஆடக்கூடியதாக இருக்கிறது.

செலவு

சீட்டும் ஏ3 வரைபடமும் 60, நோட்டு 140, ஃபிளெக்ஸ் இரண்டு அச்சு 180, பிளாஸ்டிக் ஷீட் 110, கண்ணாடி 450, தாயக்கட்டை இரண்டு ஜோடி 640, வில்லை 360, மார்க்கரும் கிளிப்பும் 120. மொத்தம் 2,060 ரூபாய். இதில் முதல் அச்சு, ஷீட், முதல் தாயக்கட்டை ஆகிய 520 வீண்.

மறுபடி செய்வதானால் சீட்டு எழுதுவதை ஆட்டம் நின்ற பிறகு தொடங்க மாட்டோம். பத்து அமர்வுக்கு ஒருமுறை ஐந்தொகை எடுத்தால் ஒரு மாலை போதும். வரைபடத்தை ஏ3இல் அல்ல, ஏ2இல் அடித்திருக்க வேண்டும். அணைக்கட்டுப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் கன்னடியனுக்கும் சுத்தமல்லிக்கும் இடையே ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. குரல்பதிவுகளில் ஒன்பது இன்னும் கேட்கப்படாமல் இருக்கின்றன, அவற்றில் நிலுவைச் சீட்டு இருக்கலாம்.

68இன் முடிவில் ஐந்தொகையில் உள்ளது இது. நாள்: ஐப்பசி 12, வளர்பிறை. இடம்: மருதூர் அணைக்கட்டு, கீழக்கால் மதகு, ஆறு கரை தொட்டு ஓடுகிறது. கையிருப்பு: 9,480 பொன், கையில் 620. பற்று வரவு: நதியுண்ணி மதகுக்காரனுக்கு 40 பொன் இன்னும் கொடுக்கவில்லை, கொற்கை வணிகர் அண்ணாச்சிக்கு ஒரு படகு, வல்லநாட்டு முத்திரை மோதிரம் மேலக்கால் நாட்டாமையிடம் இருப்பது தெரியும், அவருக்கு அது தெரியாது, மீதி நாலு வரி ஆட்டக்காரர்களுக்கு மட்டும். நகர்வு: எட்டாவது அணை 8இல் 5, கொற்கை தூர்வது 8இல் 6. அடுத்த வீச்சு வருகிற வெள்ளிக்கிழமை இரவு.